வெறுங்காலுக்குத் தெரிந்த கோயில்

1

ராயபுரத்தில் என்னைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன அக்டோபர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே இங்கிலாந்தில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் என் ஷூ காணாமல் போயிற்று. யாரும் திருடவில்லை. தர்மத்துக்குப் போய்விட்டது. ஆண்டவர் என்னிடமிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்துக்கொண்டு பதிலுக்கு என்னவெல்லாம் தந்தார் என்பதை நம் சபைப் பத்திரிகையில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. படிப்பு குறைந்தவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெனிக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறைவதற்கு ஏழு வாரம் முன்பே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவுக்குக் கிடந்தது. அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று ஒரு பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டால், இவளுக்கு ஞானஸ்நானம் ஆகிற வரைக்கும் உம்முடைய கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் வருவேன்."

நம் ஊரில் இது ஒரு பொருத்தனையே இல்லை. அங்கே எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். நானும் இங்கே வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். அப்போது பத்து வயதாக இருந்த ஜெனி என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, ப்ளீஸ், ஷூ போட்டுக்கோங்க. என் கிளாஸ் பசங்க எல்லாம் பாக்குறாங்க" என்று அழுகிற குரலில் சொன்னாள். போட்டுக்கொண்டேன். இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

குழந்தை செப்டம்பர் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். ரூத் என்று பெயர். அடுத்த ஞாயிறே நான் வாசல் மண்டபத்தில் ஷூவைக் கழற்றி, ஓரமாக இருந்த ஒரு பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன். அந்தப் பெட்டி, குளிர்காலத்துக்கு ஷூ இல்லாதவர்களுக்காகச் சேகரிக்கிற பெட்டி. எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வெறுங்காலோடு வந்தவனைப் பார்த்து என் மனைவி ஸ்டெல்லா சோபாவில் விழுந்து சிரித்தாள். அவள் திருவொற்றியூர்க்காரி. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலையை நம்பித்தான் நாங்கள் குடும்பமாக வந்தோம்.

"பொருத்தன பண்றதுக்கு முன்னாடி வெதர் பாக்க மாட்டியா நீ? இது இன்னா மெரீனா மணலா? டிசம்பர்ல பாரு, வெரலு ஒண்ணொண்ணா கயண்டு வரும்."

"அதுக்குள்ள ஞானஸ்நானம் ஆயிடும்."

"ஷூல புள்ளி வெச்சிருந்தேனே, அதக் காட்டிக் கேக்கறதுதானே?"

நம் கோயிலில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் மலைபோல் செருப்பு கிடக்கும் அல்லவா? எங்கள் வீட்டுச் செருப்பு தனியாகத் தெரிய வேண்டும் என்று ஸ்டெல்லா குதிகால் பக்கம் உள்ளே சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பாள். இங்கே செருப்புக் குவியலே கிடையாது. இருந்தும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

2

இந்தக் கோயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுநூறு எண்ணூறு வருஷக் கோயில் என்கிறார்கள். ஒரே தடவையில் கட்டினது இல்லை. வாசல் வளைவு அரை வட்டமாக, கல்லில் மேலும் கீழுமாகக் கோணல் கோடு செதுக்கி இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பழசு. உள்ளே தூண்களுக்கு மேலே இருக்கிற வளைவுகள் கூம்பு மாதிரி மேலே கூடுகின்றன. அது பிறகு வந்தவர்கள் கட்டியது. தூண்களிலே கொத்தனார்கள் அவரவர் அடையாளத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் அம்பு, ஒருவன் இரண்டு முக்கோணம். கூலி வாங்கும்போது எந்தக் கல் யார் கொத்தியது என்று தெரிவதற்காம். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த அம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டெல்லாவின் சிவப்புப் புள்ளி ஞாபகம் வரும்.

அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கக் கருங்காலி நிறத்தில் மரம். காசிமேட்டில் படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்ப்பார்களே, அதற்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோதுதான் இந்த நாட்டில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

கோபுரத்துக்குக் கீழே, வடக்குப் பக்கமாக, ஞானஸ்நானத் தொட்டி. ஒரே கல்லில் குடைந்தது. சுற்றிலும் மீன்கள் செதுக்கியிருக்கிறது, ஒன்றின் வாலை ஒன்று துரத்துகிற மாதிரி. ஜெனிக்கு இங்கிலீஷ் வராத முதல் வருஷம், மற்றப் பிள்ளைகளோடு சேராமல் அந்தத் தொட்டியின் அடியில்தான் உட்கார்ந்திருப்பாள். விரலால் மீனைத் தடவிக்கொண்டே "வஞ்சிரம், வவ்வாலு, சங்கரா" என்று தனக்குத்தானே பெயர் வைப்பாள். இப்போது அந்தப் பெயரெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டாள். மருமகன் டாம் நல்ல பையன், ஆனால் எந்தச் சாமியையும் கும்பிடுகிறவன் இல்லை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். ஜெனி டாமைப் பார்த்தாள். "அந்த மீன் தொட்டின்னா ஓகேப்பா" என்றாள். நவம்பர் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தோம்.

3

ஷூ போன அடுத்த ஞாயிறு, சபைப் போதகரான ஐயர் ஆராதனை முடிவில் ஓர் அறிவிப்பு செய்தார். இங்கே ஐயரை டேவிட் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் நாக்குக்கு இன்றுவரை அது வரவில்லை, "ஐயா" என்றே கூப்பிடுகிறேன். அவரும் அது தன் பட்டப்பெயர் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறார்.

விஷயம் இதுதான். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. தரைக் கல் எல்லாம் ஓதம். பக்கத்துத் தூணின் அடி கறுத்துப்போயிருக்கிறது. கட்டட நிபுணர் ஒருவர் மெஷின் வைத்துப் பார்த்தார். வைத்த இடமெல்லாம் ஈரம் என்று மெஷின் சொன்னது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரை அஸ்திவாரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நவம்பர் நடுவுக்குள் காரணம் தெரியாவிட்டால் கோயிலைப் பூட்டிவிட்டு, வசந்த காலம் வரைக்கும் ஆராதனையைப் பள்ளிக்கூட ஹாலில் வைத்துக்கொள்வதாக முடிவு. பிறகு தரையையே பெயர்த்துப் பார்ப்பார்கள்.

ஜெனியிடம் சொன்னேன்.

"ஹால்லயா? பிளாஸ்டிக் பேசின்லயா?" என்றாள். "அப்போ வேணாம்ப்பா. ரூத் பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. இந்த வாய்ப்பு போனால் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும். அவள் என் காலைப் பார்த்து, "அப்போ உன் வெறுங்காலு அந்தப் புள்ள கல்யாணம் வரிக்கும்" என்று மட்டும் சொன்னாள். சிரிக்கவில்லை.

4

வியாழக்கிழமை காலை நான் கோயிலைப் பெருக்கப் போவேன். சம்பளத்துக்கு இல்லை, ஆண்டவருக்கு. கோயில் நிர்வாகம் பார்க்கிற மார்கரெட் அம்மா வந்து கதவைத் திறந்துவிடுவார். எண்பது வயது. அவரையும் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட என்னால் முடியாது. "மார்கரெட் அம்மா" என்பேன். அம்மா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து, பேரப்பிள்ளைகளுக்கு எழுதும் கடிதத்தில்கூட அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாராம்.

அன்றைக்கு வெறுங்காலோடு பெருக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனேன். கல் எல்லாமே குளிர்தான். ஆனால் ஓர் இடத்தில் குளிர் மாறியது. காய்ந்த கல்லின் குளிர் காலைச் சுடுகிற மாதிரி இருக்கும், உடனே விட்டுவிடும். ஈரக் கல்லின் குளிர் காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் எனக்கு எங்கேயோ தெரியும் என்று நின்றேன். பிறகுதான் எண்ணூர் ஞாபகம் வந்தது.

நான் ராயபுரத்தில் மளிகைக் கடைக்காரர் பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்து எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் குழாய் ஃபிட்டராகப் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்தவன் கத்திவாக்கம் சேகர். கடல்காரர் வீட்டுப் பிள்ளை. மண்ணுக்கு அடியில் போகிற தண்ணீர்க் குழாய் எங்கேயாவது கசிந்தால் அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு விடியற்காலையில் குழாய் மேலேயே நடப்பான். கசிகிற இடத்தில் கால் நின்றுவிடும். பூட்ஸ் போடவில்லை என்று அவன் வாங்காத திட்டு இல்லை.

அங்கேயே நின்றபடி அவனுக்கு வீடியோ போட்டேன்.

"இன்னா மாமு! லண்டன்ல கீற, கால்ல ஒண்ணும் இல்லாம நிக்கிற? வூட்டுக்காரம்மா தொர்த்திட்ச்சா?"

"லண்டன் இல்லடா, வேற ஊரு. எத்தினி தபா சொல்றது?"

"வெள்ளக்காரன் ஊரு எல்லாம் எனுக்கு லண்டன்தான். மேட்டருக்கு வா."

சொன்னேன். போனைத் தரையில் காட்டினேன், சுவரில் காட்டினேன். சுவரில் உப்பு பூத்திருந்தது.

"அந்தப் பூச்சு சிமிட்டியா மாமு?"

"ஆமாடா. சுண்ணாம்புச் செவுரு மேல எவனோ அப்புறம் சிமிட்டி பூசிக்கீறான்."

"ராயபுரத்துல உங்க நைனா பண்ண அதே வேல! செவுரு மூச்சு வுட முடியாம கெடக்குது. ஆனா அது தண்ணிய உள்ள நிக்க வெக்கும், கொண்டாராது. நீ கால வெச்சிப் பாத்துகினே போ. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. தண்ணி எங்கருந்து வர்துன்னு தேடாத. அது எங்க போயிருக்கணும்னு தேடு. போற வயிய எவனாவது அடச்சிருப்பான். அதான் பேஜாரு பண்ணுது."

"செரிடா."

"உங்க கோயிலுக்காக எங்க அம்மனாண்ட ஒரு கற்பூரம் கொளுத்தறேன். கோச்சிக்குவாரா உங்க ஆளு?"

"அதெல்லாம் கோச்சிக்க மாட்டாரு. கொளுத்து."

மார்கரெட் அம்மா ஒரு வார்த்தையும் புரியாமல் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தேன். தரையில் பாதிக் கல் கல்லறைக் கல்தான். முந்நூறு வருஷத்துப் பெயர்கள், மிதிபட்டுத் தேய்ந்து கிடக்கின்றன. நம் ஊரில் கல்லறையை மிதிக்க மாட்டோம். மனசுக்குள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் மிதித்தேன். ஈரம் பிடிக்கிற இடத்தில் சாக்கட்டியால் கோடு போடலாம் என்றால் மார்கரெட் அம்மா பதறிவிட்டார். இந்தக் கல்லில் சாக்கட்டி போடவும் மேலிடத்து அனுமதி வேண்டுமாம். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். முழங்கால்படியிடுவதற்கு இங்கே ஒவ்வோர் இருக்கையிலும் சின்ன மெத்தை தொங்கும். ஊர்ப் பெண்கள் ஆட்டுக்குட்டி, கப்பல், புறா என்று பூவேலை செய்தவை. நான் "இங்கே" என்று சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்.

முடித்துத் திரும்பிப் பார்த்தோம். பத்தொன்பது மெத்தைகள் நேர்கோடாகத் தூணடியிலிருந்து தொட்டியைக் கடந்து, கோபுரத்தின் வடக்கு மூலையில் போய் நின்றன. எல்லா இடமும் ஈரம் என்று மெஷின் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஈரத்துக்கு ஒரு பாதை இருந்தது.

5

வெளியே போய்ப் பார்த்தோம். அந்த மூலையின் உச்சியில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு கல் பூதம் இருக்கிறது. கட்டினவன் புத்திசாலி. கூரைத் தண்ணீர் அதன் வாய் வழியாகச் சுவரைத் தொடாமல் தூரத்தில் போய் விழும். பிறகு வந்தவர்கள் அது அசிங்கமாக இருக்கிறதென்று வாயை அடைத்து, சுவரோடு ஒட்டி இரும்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழாய் நேராக மண்ணுக்குள் இறங்கியது. அங்கே ஒரு வாய்க்கால் இருந்திருக்க வேண்டும். இல்லை. ரோஜாப் பாத்தி இருந்தது. பூத்துக் குலுங்கியது.

"இது யார் வைத்தது அம்மா?" என்றேன்.

மார்கரெட் அம்மா குனிந்து ஒரு ரோஜாக் காம்பை நிமிர்த்திவிட்டார். "நான்" என்றார். "என் ஆர்தர் செத்த வருஷம். அவன் ஞாபகமாக. இங்கே ஏதோ பழைய கல் பள்ளம் இருந்தது. மண் போட்டு நிரப்பச் சொன்னேன்."

ஒரு விதவையின் ரோஜாவைத் தோண்டு என்று நான் எப்படிச் சொல்வேன்? வேறு இடத்திலும் பார்க்கலாம் என்று ஏதோ உளறினேன்.

அவர் என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சாமுவேல், ஆர்தருக்கு ரோஜாவே பிடிக்காது. எனக்குத்தான் பிடிக்கும். இருபது வருஷமாக அவன் கேட்காததை நான் அவன் தலையில் கட்டியிருக்கிறேன். தோண்டு."

தோண்டு என்றால் உடனே தோண்டிவிட முடியாது. கோயில் நிலத்தில் ஒரு முழம் மண் எடுக்கவும் மனுப் போட வேண்டும். பதினோரு பக்கம். நம் ஊரில் ஆபீசில் போய் நின்றால், நிற்கிறானே என்றாவது ஒருவர் ஏறிட்டுப் பார்ப்பார். இங்கே போய் நிற்பதற்கு ஆளே இல்லை. எல்லாம் கடிதம். "ஆலோசனை சொன்னவரின் தகுதி" என்று ஒரு கட்டம் இருந்தது. ஐயர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கால் என்று எழுதட்டுமா?" என்றார். பிறகு "பதினாறு ஆண்டு அனுபவமுள்ள குழாய் ஃபிட்டர், எண்ணூர்" என்று எழுதினார். எண்ணூர் என்ற பெயரை அந்தத் தாளில் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்று வாரம் கடிதம் வரவில்லை. நான் ஞாயிறுதோறும் வெறுங்காலோடு நின்றேன், குளிர் கூடியது. தினமும் ஜெபித்தேன். கோயிலைப் பூட்ட இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. எலும்பு ஏதாவது கிடைத்தால் பார்ப்பதற்குத் தொல்லியல் படித்த ஒரு பெண் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று நிபந்தனை.

ரோஜாக்களை வேரோடு எடுத்துப் பூந்தொட்டிகளில் வைத்தோம். நான்தான் தோண்டினேன். இரண்டடியில் மண்வெட்டி கல்லில் பட்டது. அந்தப் பெண் என்னை நிறுத்திவிட்டு, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரிப் பிரஷ்ஷால் துடைத்தாள். கல்லைக் குடைந்து செய்த வாய்க்கால். உளி போன கோடு கோடாக, நேற்றுக் கொத்தினதுபோல் இருந்தது. ஓரத்தில் ஓர் அடையாளம் இருந்தது, அம்பு. உள்ளே தூணில் இருக்கிற அதே அம்பு. அந்தப் பெண் குதித்தேவிட்டாள்.

அடைப்பில் நான் கோலைவிட்டுக் குத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் பூமிக்குள்ளிருந்து ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். கறுப்புத் தண்ணீர் திமிறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, சரிவில் இருக்கிற பள்ளத்துக்கு ஓடியது. ஐயர், மார்கரெட் அம்மா, அந்தப் பெண், எல்லாரும் கைதட்டினார்கள். சாக்கடைத் தண்ணீருக்குக் கைதட்டினதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டட நிபுணர் வந்து பார்த்துவிட்டு, காரணம் தெரிந்துவிட்டது, பூட்ட வேண்டாம், யாரும் நெருங்காதபடி தூணைச் சுற்றிக் கயிறு கட்டினால் போதும் என்றார்.

சேகருக்குப் போன் போட்டேன். "கண்டுபுட்ச்சிட்டியா? நம்ம அம்மன்னா சும்மாவா!" என்றான்.

"ரெண்டு பேரும் சேந்துதாண்டா பண்ணாங்கோ" என்றேன்.

6

நவம்பர் கடைசி ஞாயிறு. நான் புது ஷூவை வாசலில் கழற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பெட்டிக்கு எதிர்ப் பக்கம் ஷூ வைக்க ஒரு பலகை போட்டிருக்கிறது. மார்கரெட் அம்மா தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: "இந்த ஷூக்கள் தர்மத்துக்கு அல்ல. இவற்றின் சொந்தக்காரர்கள் உள்ளே ஜெபிக்கிறார்கள்."

ஜெனி குழந்தையோடு வந்தாள். அறிவிப்பைப் படித்தாள். என் காலைப் பார்த்தாள். குழந்தையை டாமிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள். டாமும் கழற்றினான். அவன் சாக்ஸில் ஓட்டை. ஸ்டெல்லா, "மாப்ள, வெரலு வெளிய பாக்குது" என்று தமிழிலேயே சொன்னாள். அவன் தமிழ் தெரியாமலேயே சிரித்தான்.

அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் கழற்றினார்கள். மார்கரெட் அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு கழற்றி, தொட்டிப் பக்கம் போய்க் கல்லில் காலை ஊன்றி என்னைப் பார்த்தார். "காய்ந்த குளிரா, சாமுவேல்?"

நானும் ஊன்றிப் பார்த்தேன். "இன்னும் முழுசாக இல்லை அம்மா. ஆனால் காலை விட்டுவிடுகிறது."

ஐயர் தண்ணீரை மொண்டு ரூத்தின் தலையில் ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தக் கவிழ்ந்த படகுக் கூரை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சத்தமே இல்லாமல் கிடந்த பிள்ளை! இதைவிட நல்ல பாட்டு நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. ஜெனி அவளைச் சமாதானப்படுத்தத் தொட்டி ஓரம் குனிந்து, சின்ன விரலைப் பிடித்துக் கல் மீன் மேல் வைத்தாள். "இது வஞ்சிரம்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் குவியல். சின்னக் குவியல்தான், ஆனால் குவியல். ஒருவர் காலில் இன்னொருவர் ஷூவை மாட்டிப் பார்த்து ஒரே சிரிப்பு. நானும் பழக்கத்தில் குனிந்து தேடினேன். குதிகாலுக்குள் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் பார்த்தேன். அது என் புது ஷூ இல்லை. அக்டோபரில் போன பழைய ஷூ.

"மன்னிக்கணும். அது என்னுடையது" என்றது ஒரு குரல். எந்த நாட்டுக்காரரோ, இங்கிலீஷ் என்னைவிடத் தடுமாறியது. குளிருக்கு வாயில் ஆவி பறக்க வெறுங்காலோடு நின்றார். எல்லாரும் கழற்றியிருக்கிறார்களே என்று அவரும் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

ஸ்டெல்லா புள்ளியைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"ஆமாங்க, உங்களுடையதுதான்" என்று சொல்லி, இரண்டையும் சேர்த்து அவர் காலுக்கு நேராக வைத்தேன்.